வெள்ளைச் சட்டையும் என் தம்பியின் வள்ளமும்

இன்று காலை லண்டனில் இருந்து மூத்த மகள் போனில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, அப்பான்ரை நேவி உடுப்பை மட்டும் ஏன் வீட்டுக்குள்ளை காயப் போட்டனீங்கள்?"

வெளியில் போட்டால் காகம் எச்சமிடும் என்றுதான் இத்தனை காலமும் சொல்லி வந்தேன். (காகங்களே, மன்னித்துக் கொள்ளுங்கள்!)

இன்று ஏனோ பொய் சொல்ல மனம் வரவில்லை. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பருத்தித்துறைப் பக்கம் ஒரு கடலோர ஊர். எனக்குச் சீதனமாக வந்த வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரோட்டுத்தான்.

என்னவர் கடற்படையின் ரோந்துப் படகில் இஞ்சின் பார்ப்பவர். படகு துறைக்கு வந்தால்தான் அவருக்கு லீவு. மாதத்தில் நான்கு நாள் வீட்டில் நின்றால் பெரிய காரியம். மற்ற நாளெல்லாம் மூன்று பிள்ளைகளோடு நான் தனி.

கடைக்குட்டி பிறந்து ஒன்றரை மாதம் கழித்துத்தான் அவர் பிள்ளையின் முகம் பார்த்தார்.

நடுவிலான் அவரைக் கண்டதும் "ஆரோ மாமா வந்திருக்கிறார்!" என்று கத்திக்கொண்டு, குசினிக்குள் சமைக்கும் என்னிடம் ஓடி வருவான். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார், பிறகு கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவுவார்.

அவர் படகின் வேலை, அக்கரையில், அதாவது இந்தியாவில் இருந்து களவாகச் சேலைக்கட்டுக் கொண்டு வரும் வள்ளங்களைப் பிடிப்பது.

என் தம்பி குணத்தின் வேலை, அக்கரையில் இருந்து களவாகச் சேலைக்கட்டுக் கொண்டு வருவது!

(சிரிக்காதீர்கள். பிடிப்பவருக்கும் சோறு நான்தான், பிடிபட வேண்டியவனுக்கும் சோறு நான்தான்.)

அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. படலையைத் தாண்டி உள்ளே வந்தால் யாரும் கடலைப் பற்றிக் கதைக்கக் கூடாது. அவர் எப்போது போவார் என்று தம்பி கேட்க மாட்டான். தம்பி எங்கே என்று அவர் கேட்க மாட்டார். இரண்டு பேரும் ஒரே பாயில் இருந்து ஒடியல் கூழ் குடிப்பார்கள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைப்பார்கள்.

ஒரு முறை அவர் லீவில் வந்த மறுநாள், வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு முற்றத்துக் கொடியில் விரித்தேன். மத்தியானம் துறையில் இருந்து ஒருவன் சைக்கிளில் வந்து, அவரை உடனே படகுக்குத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனான். கொளுத்துகிற வெயில், ரோட்டிலும் ஒழுங்கையிலும் ஒரு சனம் இல்லை. அவர் மற்றச் சோடி உடுப்பைப் பையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடேயே பின்பக்கத்தால் போய் பஸ் ஏறிவிட்டார்.

கடைக்குட்டிக்கு அன்று நெருப்பாய்க் காய்ச்சல். கொடியில் கிடந்ததை எடுக்க எனக்கு நினைவே வரவில்லை.

பின்னேரம் தம்பி வந்தான். முற்றத்தைப் பார்த்தான். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொத்தமல்லி அவிச்சுக் குடு அக்கா" என்றான். அத்தான் நிற்கிறாரா என்று அவன் கேட்கவில்லை. போய்விட்டார் என்று நானும் சொல்லவில்லை.

சட்டம் அல்லவா!

மறுநாள் விடிய ஊரே அல்லோலகல்லோலம். தம்பியின் வள்ளம் பிடிபட்டு, அவனையும் சேர்த்து அதில் போன மூன்று பேரையும் மறியலில் அடைத்துவிட்டார்கள். பிடித்தது என்னவரின் படகு.

பக்கத்து வீட்டுச் செல்லமக்காவின் மகனும் அந்த மூன்று பேரில் ஒருவன். அவ என் முற்றத்தில் வந்து நின்று கத்தினா.

"உன்ரை மனுசன்ரை சட்டை கொடியிலை கிடந்தா ஆள் வீட்டிலை, படகு துறையிலை எண்டு பாத்துத்தானே எங்கடை பெடியள் வெளிக்கிடுறவங்கள்! ஆளை அனுப்பிப்போட்டுச் சட்டையை ஏனடி விட்டனி? கூடப்பிறந்தவனையே காட்டிக் குடுத்திட்டியே!"

சத்தியமாக எனக்குத் தெரியாது! நான் உலர்த்திய உடுப்பை ஊரே பார்த்துக் கடலுக்குப் போகிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

யார் நம்புவார்கள்? கிணற்றடியில் நான் போனால் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைகளோடு யாரும் விளையாடவில்லை.

என் கோபம் முழுவதும் அவர் மேல் திரும்பியது. சொந்த மச்சானைப் பிடித்துக் கொடுக்க எப்படி மனம் வந்தது? அவர் வந்தால் சமைத்து வைப்பேன். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று மகளிடம் சொல்லி அனுப்புவேன். அவரும் விளக்கம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அப்படியே ஆறு மாதம் போனது.

ஆறு மாதம் முடிந்து வெளியே வந்த தம்பி, நேரே என் குசினிக்கு வந்தான்.

"அக்கா, அத்தான் எங்கை? நான் அவர்ரை காலிலை விழவேணும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அண்டைக்குத் துரத்தேக்கை வள்ளம் கவிண்டு போச்சு. கயிறு காலிலை சுத்தி நான் கீழை போறன். இருட்டுக்கை ஆரோ குதிச்சு, என்ரை தலைமயிரைப் பிடிச்சு இழுத்தார். மேலை ஏத்தின பிறகுதான் பாத்தன், அத்தான்! உனக்கு அவர் சொல்லேல்லையோ?"

அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் இருந்தேன். ஆறு மாதம் அந்த மனிதனைப் பட்டினி போடாத குறைதான்!

அடுத்த லீவில் வந்தபோது, பிள்ளைகள் யாரையும் தூது அனுப்பாமல் நானே கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, தம்பியைக் காப்பாத்தினது நீங்களெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எப்பிடிச் சொல்லுறது? அவங்களைத் துரத்தின இஞ்சினை ஓட்டினதும் நான்தானே."

என்னவர் காலமாகி இப்போது எத்தனையோ வருடம். அன்று அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?