நண்டின் எட்டாவது கால்

யோகாம்பாள் ரீச்சர் நயினாதீவில் கோயிற் குருக்கள் வீட்டுப் பெண். மீன் வாசம் பட்டாலே கிணற்றடிக்கு ஓடுகிற வீடு அது. அங்கேயிருந்து ஒரு நண்டுப் பைத்தியம் கிளம்பினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. ரீச்சர் அதைச் சட்டை செய்யவில்லை.

நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகும். அந்த வெற்றோட்டை மட்டுந்தான் அவர் பொறுக்கினார். கழன்ற ஓடு வெட்டிய நகம் மாதிரி, தொட்டால் குளித்துவிட்டு வந்தால் போதும் என்று தாயார் தீர்ப்புச் சொல்லியிருந்தார். நயினாதீவு, புங்குடுதீவு, நெடுந்தீவு என்று மூன்று தீவுக் கரைகளிலும் பொறுக்கிய கல் நண்டு ஓடுகள், பிஸ்கற் தகரங்களில் மாட்டுக்கொட்டிலுக்குள் சேர்ந்தன. நெடுந்தீவு ஓட்டில் மட்டும் முன்விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அது தனி இனம் என்று வேலணைப் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் படிப்பித்தார். அதற்கு ஒரு பெயரும் மனசுக்குள் வைத்திருந்தார்.

எழுபத்து நாலில், யாழ்ப்பாணத்திலிருந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் ஓடுகளைப் பார்க்க வந்தார். புள்ளி வெயிலாலும் வரும், தின்கிற பாசியாலும் வரும் என்றார் அவர். எது எந்த இனம் என்பது சதையில்தான் தெரியும், நண்டுகளைக் கொழும்புக்கு அனுப்பினால் அங்கே சோதித்துச் சொல்லலாம் என்றார். கொல்ல ஏலாது என்றார் ரீச்சர். ஆனால் பெயர் வைத்த மனசு சும்மா இருக்குமா? காலைப் பிடித்தால் நண்டு அந்தக் காலைத் தானே கழற்றி விட்டுவிட்டு ஓடும், பிறகு புதுக்கால் முளைக்கும். ஒவ்வொரு நண்டிலும் ஒரு கால் போதுமா என்று கேட்டார். போதும் என்றார் அவர்.

மூன்று தீவிலும் இடப்பக்கக் கடைசிக் காலாகவே எடுத்தார். ஐஸில் வைத்துக் கொழும்புக்கு அனுப்ப வீட்டில் இருந்தது சூடும் குளிரும் காக்கிற ஒரேயொரு சுடுதண்ணிப் போத்தல். அது தம்பி தியாகேசனுடையது. விடியற்பூசை முடித்துவந்து அவன் கோப்பி குடிக்கிற போத்தல். அதற்குள் நண்டுக் கால்! படித்த பெண்ணுக்குப் புத்தி அன்றைக்கு எங்கே போனதோ. தம்பி தேடியபோது ரீச்சர் உள்ளதைச் சொன்னார். அவன் அன்றிலிருந்து அக்கா கையால் கோப்பி வாங்குவதை நிறுத்தினான். அது ரீச்சரை உள்ளுக்குள் அரித்தது.

மாதங்கள் போயின. சோதனை முடிவு வந்துவிட்டது என்று அறிந்து ரீச்சர் யாழ்ப்பாணம் போய்ப் பேராசிரியரைக் கண்டார். மூன்று தீவு நண்டும் ஒரே இனம், நெடுந்தீவுக்கென்று தனியாக ஒன்றுமில்லை என்றார் அவர். திரும்பி வருகையில் வள்ளத்தில் ரீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெயர் போனதற்கு அல்ல. இல்லாத இனத்துக்காக இத்தனை சீவனை முடமாக்கினேனே, முளைக்கும் என்றது புத்தகம், நான் கண்டேனா என்று அழுதார். அடுத்த நாள் வகுப்பில், தான் இவ்வளவு காலமும் படிப்பித்தது பிழை என்று சொன்னார். வீட்டிலும் அதைச் சொல்லி, கழற்றின கால்கள் முளைத்தனவோ தெரியாது என்றும் சொன்னார். தம்பி கேட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஒரு நாள் விடியற்காலையில், பூசை முடித்த தம்பி வேட்டி நுனி நனைந்தபடி குசினி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, வடக்குக் கரைக் கல்லிலை ஒரு நண்டு கண்டனான். ஏழு கால் பெரிசு. ஒண்டு மட்டும் சின்னன், பிஞ்சு மாதிரி."

ரீச்சர் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார்.

"எந்தக் கால்?"

"இடப்பக்கம், கடைசி."

ரீச்சர், எவ்வளவு நாளாகப் பார்க்கிறாய் என்று கேட்டார்.

"நீ வீட்டிலை அதைச் சொன்ன அண்டையிலை இருந்துதான். ஒவ்வொரு நாளும் பூசை முடியப் போறனான்" என்றான் தம்பி. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோப்பி இருக்கிறதா என்று கேட்டான்.

ரீச்சர் ஆற்றிக் கொடுத்தார். அவன் கையில் வாங்கி, நின்றபடியே குடித்தான்.