ஒரு பக்கம் மட்டும் பூத்த மல்லி

எங்கள் வீடு மயிலாப்பூரில், கடற்கரைக்குப் போகும் ஒரு சந்தில் இருக்கிறது. வாசலை ஒட்டிக் கொஞ்சம் மண். அதில் ஒரே ஒரு குண்டு மல்லிச் செடி. இடுப்பு உயரத்துக்கு மேல் அதை நான் வளர விட்டதில்லை.

மே மாதம் மாதா சுரூபம் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவார்கள். முதல் வீடு எங்களுடையது. சுரூபத்துக்குப் போடும் மாலை என் செடிப் பூ. கடைப் பூவை என் வீட்டில் மாதாவுக்குப் போட்டதே இல்லை. அதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

மே மாதம் பூக்க வேண்டுமானால் தையிலேயே வெட்ட வேண்டும். பனியில் மல்லி பாதி இலையைத் தானே உதிர்க்கும். சில நாள் தண்ணீர் காட்டாமல் விட்டு, கிளைகளைக் குட்டையாக வெட்டி, மிச்ச இலையை நாம்தான் உருவ வேண்டும். பார்க்கிறவர்கள் செடி பட்டுப்போச்சு என்பார்கள். அப்படிச் சொன்னால் சரியாக வெட்டியிருக்கிறோம் என்று அர்த்தம்.

போன தையில் எனக்குக் கண் ஆபரேஷன். ஒரு மாதம் குனியக் கூடாது, மண்ணைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்காரரிடம் கத்தரியைக் கொடுத்தேன். சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குள்ளும் வெறும் குச்சிகள் தெரிந்தன. திருப்தியாகப் படுத்தேன்.

ஒரு மாதம் கழித்து வெளியே வந்து செடியைச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் இளந்துளிர். தெருப் பக்கம் பழைய இலை அப்படியே இருந்தது.

“இன்னாய்யா இது? எனக்குத் தெரியற பக்கம் மட்டும் வெட்டிக்கீற?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “உன் கண்ணுல கத்தி வெச்சு அனுப்பிச்சாங்க. நீ ஒரு கண்ணுல கட்டோட படுத்துக்கினு இருந்தே. அத்தப் பாத்துட்டு வந்து பச்சச் செடியையும் வெட்டணுமா? பாதிக்கு மேல கை வரலடி.”

இத்தனை வருஷத்தில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இனி வெட்டினாலும் மே முதல் நாளுக்குப் பூ வராது. விட்டுவிட்டேன்.

அந்த நாளும் வந்தது. செடியில் ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று பூ. மறுபக்கம் தேடித் தேடி நாலு. தொடுத்துப் பார்த்தால் மாதாவின் மார்புக்குக் காணும், கழுத்தைச் சுற்றி வரக் காணாது.

“கடையில ரெண்டு மொழம் வாங்கியாறேன்,” என்றார்.

“ஒண்ணும் வாணாம்.”

பூவை முன்னால் விட்டு, பின்னால் வெறும் வாழை நாரை முடிந்து, சுரூபத்தைச் சுவரோடு தள்ளி வைத்தேன்.

“நீயும் தெரியற பக்கம் மட்டும்தானா?” என்று அவர் சிரித்தார்.

ஜெபமாலை நன்றாக முடிந்தது. சுரூபத்தைத் தூக்கியபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. பெண்கள் எல்லாம் பின்னால்தானே நடந்து வருவோம்! எதிர் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

“இன்னாக்கா, முதுகுல வெறும் நாரா கீது?”

பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள, முன்னால் போன என் வீட்டுக்காரர் திரும்பி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“எனக்கு ஆபரேஷன் ஆன வருசம்மா. செடிக்கும் பாதி ஓய்வு குடுத்தோம். பூ கம்மிதான். ஆனா நம்ம செடிப் பூ.”