ஞாயிறுதோறும் நடந்து வந்தவள்

அம்மா வருவது எனக்கு முதலில் காதில்தான் விழும். டயர் செருப்பு செம்மண்ணில் தப்புத் தப்பென்று விழும் ஓசை, அதற்குமேல் சீராக ஏறி இறங்கும் மூச்சு, பிறகு காற்றோடு வரும் பலாச்சுளை வாசம் என்று எல்லாம் விடுதி வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், வியர்வையில் முதுகோடு ஒட்டிய ரவிக்கையும் கையில் தூக்குப்போசியுமாக அம்மாவின் பெரிய உருவம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தெரியும்.

அப்பா கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். ஆறாம் வகுப்புக்கு என்னை ஏற்காட்டில் பெண்கள் விடுதி ஒன்றில் கொண்டுவந்து சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் பெற்றோர் வந்து பார்க்கலாம். அந்த இரண்டு மணி நேரத்துக்காக அம்மா இரண்டு மணி நேரம் குறுக்குப் பாதையில் நடந்து வருவாள், திரும்பவும் நடந்தே போவாள். பஸ் இருந்தது. ஆனால் நடப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒருமுறை பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு டிக்கெட் கிழிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். "தாராளமாக் கிழிங்க. ஆனா ஏனுங்க, ரெண்டு பேரு எடத்துலயும் நான் ஒருத்திதான் உக்காருவேன், அப்புறம் தள்ளிக்கச் சொல்லக் கூடாது" என்று அம்மா சொன்னதைக் கேட்டு பஸ்ஸே சிரித்ததாம். இதை அவளே எங்களிடம் நடித்துக் காட்டுவாள்.

அவளுக்குத் தன் உடம்பைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. எஸ்டேட்டில் அவளை 'நல்ல ஊட்டமான உடம்பு' என்பார்கள், குழந்தைகள் நேராகவே 'குண்டக்கா' என்பார்கள், இரண்டையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்வாள். சனிக்கிழமை சாயங்காலம் கால் இரண்டையும் நீட்டிப் போட்டுக்கொண்டு, தொடையிலிருந்து கணுக்கால்வரை விளக்கெண்ணெய் தேய்த்து நீவிவிட்டு, மறுநாள் நடைக்கு அவற்றைத் தயார் செய்வாள். சாமைச் சோற்றை ரசித்துச் சாப்பிடுவாள், வயிறு நிறைந்தால் நிறுத்திவிடுவாள், இருட்டியதும் தூங்கிவிடுவாள். இன்று இதற்கெல்லாம் ஏற்காட்டு ஏரிக்கரையில் தங்கும் விடுதிகள் மூன்று நாள் ஆரோக்கிய முகாம் நடத்துகின்றன.

ஏழாம் வகுப்பில் படிக்கும்போது, ஒரு ஞாயிறு, விடுதித் தாழ்வாரத்தில் கிடந்த ஒல்லியான பெஞ்சில் அம்மா உட்கார்ந்ததும் மறு முனையில் உட்கார்ந்திருந்த சேலத்துப் பெண்ணொருத்தி மேலே எழும்பிவிட்டாள். பெஞ்சு உண்மையிலேயே தூக்கிவிட்டது. அவளுடைய தோழி "ரோடு ரோலர் வந்திருக்குடி" என்றாள். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "அதுதான் சாமி நம்ம மலை ரோட்டுக்கு நொம்பத் தேவை, எத்தனை குழி பாரு" என்று சொல்லி அவளுக்கும் ஒரு பலாச்சுளையை நீட்டினாள். அந்தப் பெண் வாங்கித் தின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா போன பிறகு எனக்கு 'குட்டி ரோலர்' என்று பெயர் வைத்தார்கள். என் உடம்பு அம்மாவின் உடம்பு. அதே தோள், அதே இடுப்பு, அதே தடித்த கணுக்கால். அதுவரை அதை நான் கவனித்ததில்லை. அன்றிரவு முதல் சாப்பாட்டைப் பாதியில் வைத்தேன், கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் தலை வாரினேன். அம்மா கொண்டுவந்த பலாச்சுளையைத் தொடவில்லை. அம்மா மட்டும் வராமலிருந்தால் என் உடம்பும் யார் கண்ணிலும் படாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. பன்னிரண்டு வயதுக்கு அது சரியான தர்க்கமாகத்தான் இருந்தது.

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று போட்டுக் கடிதம் எழுத அப்போதுதான் பள்ளியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். விடுதியில் புதிய விதி வந்திருப்பதாகவும், இனி ஞாயிறு சந்திப்பு கிடையாதென்றும், பருவத் தேர்வு முடிந்து பிள்ளையை அழைத்துப்போக மட்டும் தகப்பனார் வந்தால் போதுமென்றும் அப்பாவுக்கு எழுதினேன். நம்பவைப்பதற்காக விதிக்கு ஓர் எண்ணும் கொடுத்தேன். பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக எத்தனையோ சுற்றறிக்கைகளை வரைந்திருக்கிறேன். ஆட்சேபணை இல்லாமல், விளக்கம் கேட்கப்படாமல், அன்றே நடைமுறைக்கு வந்தது அந்த ஒன்றுதான். எஸ்டேட் ரைட்டருக்கு எண் போட்ட விதி என்றால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அவர் அதை உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். மறு ஞாயிறு தாழ்வாரத்தில் நான் காத்திருக்கவில்லை. அம்மாவும் வரவில்லை.

அதன் பிறகு பள்ளி முடியும்வரை அவள் ஒருமுறைகூட வரவில்லை. விடுமுறைக்குப் போனால் முதல் நாளே எனக்குச் சாமைச் சோறு போடுவாள், நான் வேண்டாமென்பேன், ஒன்றும் கேட்கமாட்டாள். ரைட்டர் பெண்டாட்டி காப்பிப் பழம் பறிக்கப் போகவேண்டியதில்லை. எஸ்டேட்டை விட்டு வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே காரணம் ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை எண்ணெய் நின்றது. பிறகு முழங்கால் வலி வந்தது, கால் வீங்கியது, சர்க்கரை வந்தது. நடை நின்றதால்தான் நோய் வந்தது என்று நிறுவ என்னிடம் ஆதாரம் இல்லை. அலுவலகத்தில் இப்படியொரு கோப்பு வந்திருந்தால், காரணமும் விளைவும் தொடர்புபடுத்தப்படவில்லை என்று குறிப்பெழுதித் திருப்பியிருப்பேன். வீட்டில் அப்படித் திருப்ப முடியவில்லை.

நான் வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து, விடுப்பில் வந்திருந்த ஒரு மதியம், அம்மாவின் பாதத்தை என் மடியில் வைத்துப் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் நடக்கச் சொல்லியும் ஏன் நடப்பதில்லை என்று அதிகாரியின் குரலில் கேட்டேன். எங்கே போகச் சொல்கிறாய் என்றாள். சும்மா நடக்கவேண்டும் என்றேன். சும்மா யாராவது நடப்பார்களா என்று சிரித்தாள். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, ஊர்ச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

"அந்தச் சட்டம் உங்க பள்ளிக்கூடத்துல இல்லீன்னு எனக்கு அப்பவே தெரியுங் கண்ணு. மஞ்சக்குட்டை ராசம்மா அவ புள்ளையப் பாக்க வாராவாரம் போயிட்டுத்தான இருந்தா."

"அப்புறம் ஏம்மா நீ வரல?"

"நீதான் வரவேண்டாம்னு எழுதிட்டயே."

அவ்வளவுதான். அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கட்டு இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் தளர்த்து என்றாள். தளர்த்தினேன். மன்னிப்பு கேட்க எனக்கு நன்றாகத் தெரியும், உயர் அதிகாரிகளிடம் எழுத்துமூலம் பலமுறை கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் அன்று கேட்கவில்லை. அடுத்த விடுப்பில் கேட்கலாம் என்று ஒத்திவைத்தேன். அடுத்த விடுப்பு அவள் காரியத்துக்கு எடுத்ததாக முடிந்தது.

என் உடம்போடு நான் நடத்திய வழக்கு அதற்குப் பிறகும் ஓய்ந்தபாடில்லை. ஒரு வேளைப் பட்டினி, இரு வேளைப் பட்டினி, கசப்புச் சாறு, டப்பாவில் வரும் மாவு என்று எல்லா நடைமுறைகளையும் முறைப்படி கடைப்பிடித்தேன். மெலிந்தேன், பழையபடி பருத்தேன், ஒவ்வொரு முறையும் உடம்புக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பாத குறை. ஓய்வு பெற்றதும் சேலத்தில் என் மகள் வயதுள்ள ஒரு டாக்டர் பரிசோதித்துவிட்டு, இத்தனை வருடமாக இந்த உடம்பை ஏன் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள், இது உங்களை அறுபது வருடம் சுமந்திருக்கிறது என்றார். எடையை மறந்துவிட்டு நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, முடிந்தவரை நடக்கச் சொன்னார். அறிவுரைக்குக் கட்டணம் கட்டிவிட்டு வெளியே வந்து வெகுநேரம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா தினமும் எங்கள் வீட்டில் செய்துகொண்டிருந்ததுதான் அது.

இப்போது ஏற்காட்டிலேயே குடியிருக்கிறேன். ரவிக்கையை என் அளவுக்கே தைத்துக்கொள்கிறேன், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் போட்டோவுக்கு நிற்கிறேன். குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்க்கும்போது அந்தத் தோளும் இடுப்பும் எனக்குப் பழைய பகையாளியாகத் தெரிவதில்லை. அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தவற்றில் மீதமிருப்பது அவைதான். அவற்றைக் கெடாமல் வைத்துக்கொள்வது என் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை கொட்டச்சேட்டுப் பக்கமாக நடக்கிறேன். குறுக்குப் பாதை இல்லை. அது போன இடத்தில் கம்பி வேலிகள், சொகுசு விடுதிகள், நீச்சல் குளங்கள். தார் ரோட்டின் ஓரமாக, வளைவுக்கு வளைவு ஒலியெழுப்பும் கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகவேண்டும். முக்கால் மணி நேரத்தில் முழங்கால் போதும் என்கிறது. அதற்குள் அம்மா வந்த வழியில் பாதியைக்கூட எட்டியிருக்க மாட்டேன். அவளுக்கு வழியின் முடிவில் ஒரு மகள் இருந்தாள், அவளைப் பார்த்தே ஆகவேண்டும். எனக்கு எங்கே போய்ச் சேரவேண்டும் என்று ஒன்றுமில்லை. ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, எழுந்து, வந்த வழியே திரும்புகிறேன்.