இடது பக்கத்து சீட்

மதுரை ஞானஒளிவுபுரத்தில் இம்மானுவேல் என்று கேட்டால் யோசிப்பார்கள். ‘டிரைவிங் ஸ்கூல் சார்’ என்றால் பால்காரர்கூட வீடுவரை கொண்டுவந்து விடுவார். இருபத்தேழு வருடமாகக் கார் ஓட்டப் பழக்குகிறார். டாக்டர், வக்கீல், நகைக்கடைக்காரர் என்று ஊரில் எத்தனையோ பேர் முதன்முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்தது அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான். பிடித்தது சரியில்லை என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அப்போதுதான்.

இதில் வெளியே சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. பழக்குகிறவர் உட்காருவது இடது பக்கத்து சீட். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக், தனியாக ஒரு கிளட்ச். அங்கேயே உட்கார்ந்து உட்கார்ந்து, வலது பக்கம் ஏறி நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. சொந்தக் கார் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வரும். அது நடக்கிற தூரம்.

ஆகவே மே மாத லீவுக்கு மனைவி ஆனிமேரியையும் மகள் ஜெஸியையும் தேக்கடிக்குக் கூட்டிப்போனபோது, பழைய மாணவன் கருத்தக்கண்ணனை டிரைவராக அழைத்துக்கொண்டார். “லீவுன்னா எனக்கும் லீவுதானே” என்றார். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

திரும்ப வேண்டிய நாள் காலையில் மேலூரிலிருந்து கருத்தக்கண்ணனுக்குப் போன் வந்தது. மனைவிக்கு, டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே பிரசவ வலி கண்டுவிட்டது. சாவியை இம்மானுவேல் கையில் வைத்தான்.

“அண்ணே, நீங்க இருக்கையில வண்டிக்கு என்னண்ணே கவலை? நான் பஸ்ஸப் பிடிக்கேன்.”

கவலை அவன் போன பிறகுதான் தொடங்கியது. குமுளி மலையை விட்டு லோயர் கேம்ப் வந்து சேர்வதற்குள் இம்மானுவேலின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சாலையின் இடது ஓரம் அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். வலது பக்கம்தான் புதிது. எதிரே வருகிற பஸ் ஒவ்வொன்றும் நேராகத் தன் மடிக்கே வருவதுபோல இருந்தது.

சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் வந்தது. வீரபாண்டி வரைக்கும் அதன் பின்னாலேயே போனார். அவருக்குப் பின்னால் ஒரு கல்யாண ஊர்வலம் அளவுக்கு வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன.

“அப்பா, முந்திப் போக வேண்டியதுதானே?” என்றாள் ஜெஸி.

“இடைவெளி விட்டுப் போறதுதான் டிரைவிங். அந்தா பாரு, ஒருத்தனுக்கும் இடைவெளி தெரியல. எவன் பழக்குனானோ!”

தேனியைத் தாண்டியதும் சிவப்புக் கார் ஒன்று முந்திப் போய் ஓரமாக நின்றது. இவரும் நிறுத்தினார். இறங்கி ஓடி வந்தவள் சனோபர். அவரிடம் பழகி, மூன்று முறை டெஸ்டில் தோற்று, நாலாவது முறை லைசென்ஸ் வாங்கியவள்.

“சார், வண்டி ரிப்பேரா? ரொம்ப நேரமா உருட்டிக்கிட்டே வாரீங்களே. மெக்கானிக்கக் கூப்பிடட்டுமா?”

“இல்லம்மா, இஞ்சின் புதுசு. சூடாகாம ஓட்டுறேன்” என்றார். அவள் நம்பினாள். ஆசிரியர் சொன்னால் நம்பும் பெண். பின் சீட்டில் ஜெஸி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆண்டிபட்டியில் டீக்கடையைப் பார்த்து நிறுத்தினார். டீ டம்ளரோடு வண்டியைச் சுற்றி வந்து நாலு டயரையும் தட்டிப் பார்த்தார். இனிமேல் கணவாய் ஏறி இறங்க வேண்டும். ஆனிமேரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏங்க, நான் ஓட்டட்டுமா?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து டீ பெஞ்சின்மேல் வைத்தாள். வாங்கி நாலு வருடம் ஆகியிருந்தது.

பத்து வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் பக்கம் அவளுக்குப் பழக்க உட்கார்ந்தார். இருபதாவது நிமிடம், “ஒனக்கெல்லாம் இது வராது, எறங்கு” என்றார். அவள் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

“யார்ட்ட பழகுன?”

“சிவனாண்டி அண்ணன்ட்ட.”

சிவனாண்டியின் டிரைவிங் ஸ்கூல் இவருடையதற்கு நேர் எதிரே. இம்மானுவேலுக்கு டீ கசந்தது.

“நான் வேலை பாக்குற பள்ளிக்கூடத்து மதரைச் சனிக்கிழமை சனிக்கிழமை அவங்க வெள்ளைக் கார்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறது யாருன்னு நெனச்சீங்க? ஒருநாள் கோரிப்பாளையம் சிக்னல்ல உங்க வண்டி எனக்குப் பின்னால நின்னுச்சு. அடுத்த நாள் வீட்ல சொன்னீங்க, ‘ஒரு வெள்ளைக் காரு என்னா சுத்தமாத் திரும்புச்சுங்கற, பழகுற பொண்ணுட்ட அதக் காட்டித்தான் பாடம் எடுத்தேன்’னு.”

அவர் சாவியைக் கொடுத்துவிட்டு இடது பக்கம் ஏறினார். ஏறியதும் பழைய இம்மானுவேல் ஆகிவிட்டார்.

“கண்ணாடி பாரு. கிளட்ச்... கிளட்ச்! லாரி வருது.”

இல்லாத பிரேக்கைத் தேடி அவர் கால் மிதியடியை மிதித்துக்கொண்டே இருந்தது. கணவாயின் இரண்டாவது வளைவில் ஆனிமேரி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஏங்க, அம்புட்டும் எனக்கும் தெரியுது. பேசாம வாங்க” என்றாள்.

பேசாமல் வந்தார். எவ்வளவு தேடியும் ஒரு தப்பும் கிடைக்கவில்லை. அது முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு எப்படியோ ஆறுதலாக மாறியது. உசிலம்பட்டிக்குள் நுழையும்போது தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. இருபத்தேழு வருடத்தில் அந்த சீட்டில் அவர் கண்ணை மூடியது அதுதான் முதல் தடவை. வீட்டு வாசலில் ஜெஸி உலுக்கித்தான் எழுப்பினாள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் காலை ஆறு மணிக்கு இம்மானுவேலின் கார் கீழக்குயில்குடி ரோட்டில் போகும். ஓட்டுகிறவர் அவர். இடது பக்கத்தில் ஆனிமேரி பேப்பர் படித்துக்கொண்டு வருவாள். எதிரே லாரி வந்தால் மட்டும் தலை நிமிராமல், “இடம் கெடக்கு, போங்க” என்பாள்.

வழியில் யாராவது கேட்டால், “மேரிக்கு ரோடு பழக்கிவிடுறேன்” என்று சொல்கிறார். அவளும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறாள்.