இசைத்தட்டைக் குளிப்பாட்டினேன்

தொண்ணூற்றெட்டு ஆடி மாதம் எங்கள் கூடலூர் வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். தன் எஸ்டேட் வீடு ஒழுகுகிறதென்று ஜாஸ் இசைத்தட்டையும் பிளேயரையும் என்னிடம் நம்பிக் கொடுத்த மானேஜர் ஊரில் இல்லை.

தட்டைச் சுழலவிட்டதும் இசையோடு படபடவென்று சத்தமும் வந்தது.

"ஏலே, கடுகு பொரியிற மாதிரி இருக்கு. அவுக பொருளைக் கீறிட்டியா?" என்றார் அம்மா.

தூசியாக இருக்கும் என்று சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். சத்தம் போகவில்லை; நடுவில் ஒட்டியிருந்த தாள்தான் சாயம் போனது.

மானேஜர் திரும்பியதும் உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"உறையில இங்கிலீஷ்ல எழுதியிருக்கே, படிக்கலையாடா பட்டதாரி? ரொம்பப் பழைய தட்டுகள்ல இருந்து எடுத்து எல்.பி.ங்கிற இந்தப் பெரிய தட்டுல போட்டது. அதுகளோட கீறல் சத்தமும் கூடவே வந்துருச்சு. இன்னும் ரெண்டு தாரேன், குளிப்பாட்டிராதே!"

எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இப்போது உறையை முழுதாகப் படித்த பிறகே தட்டைத் தொடுகிறேன். அன்று ஆன செலவு ஒரு சோப்புக்கட்டி, ஆறு ரூபாய்.