திரும்பாமல் சுற்றி வரக்கூடிய ஊர்

போன வாரம் மனாங் ஒத்தீலியா இறந்துபோனார். எங்கள் ஊர்ப் பேச்சில் மனாங் என்றால் அக்கா. எங்கள் ஊரான இலோயிலோவிலிருந்து அவருடைய மகள் அனுப்பிய செய்தியில் மூன்றே வரிகள். இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழவில்லை, வயது அறுபத்திரண்டு, சனிக்கிழமை அடக்கம். நான் இருக்கும் இடத்திலிருந்து சனிக்கிழமைக்குள் போய்ச் சேர முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பதினோரு கோடைகள் அவர் பால்டிக் கடலில் ஓடும் ஓர் உல்லாசக் கப்பலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். கடைசி மூன்று கோடைகளில் நாங்கள் இருவரும் ஒரே அறை. கீழ்க்கட்டில் அவருக்கு, மேல்கட்டில் எனக்கு. நான் பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்பவள். நான் உருவிப் போடும் படுக்கை விரிப்புகள், நீர்மட்டத்துக்குக் கீழே சன்னல் இல்லாத அந்தக் கூடத்தில், அவர் கைக்குத்தான் போகும். வெந்நீராவியில் வேலை செய்து அவருடைய விரல் நுனிகள் எப்போதும் வெளுத்திருக்கும்.

கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றதும் எங்களில் பெரும்பாலோர் இலவச இணையம் கிடைக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுவோம். மனாங் நடப்பார். இரண்டு மணி நேர இடைவேளை என்றால் ஒரு மணி நேரம் நேராக நடப்பார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். எவ்வளவு அழகான இடத்தில் நின்றாலும் அந்த நிமிடத்தில் திரும்பிவிடுவார். பேருந்தில் ஏறமாட்டார், சீட்டு வாங்க வேண்டிய எந்த இடத்துக்குள்ளும் நுழையமாட்டார். தாலினின் மரவீட்டுத் தெருக்கள், ரிகாவில் மீன் விற்கும் பெரிய கொட்டகைகள், கோபன்ஹேகனின் கால்வாய்க் கரைகள் என்று அந்தக் கடலைச் சுற்றியிருந்த அத்தனை ஊர்களையும் அவர் பாதிவரை அறிந்து வைத்திருந்தார்.

கோபுரங்களைவிட அவருக்குக் கொடிகளில் காயும் துணிகள்தான் முக்கியம். கிளிப் எங்கே மாட்டுகிறார்கள், விரிப்பை மடித்துப் போடுகிறார்களா நீளமாக விடுகிறார்களா என்று பார்ப்பார். ஒருநாள் ஹெல்சிங்கியில் கடலோரத்தில் ஒரு மரமேடையைக் கண்டுபிடித்தார். கோடையில் அங்கே ஊர்க்காரர்கள் வீட்டுத் தரைவிரிப்புகளைக் கொண்டுவந்து துவைப்பார்கள். மனாங் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பக்கத்தில் மண்டியிட்டு, அவளுடைய விரிப்பின் மறுமுனையைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். உடம்பெல்லாம் பைன்மரச் சோப்பு வாசனை. ஊழியர் சாப்பாட்டு அறையில் அன்று அதுதான் பேச்சு.

"கப்பல்ல துவைக்கிறது பத்தலையா மனாங்? கரைக்குப் போயும் துவைக்கணுமா?" என்றான் சமையலறையில் வேலை செய்யும் ரோமெல்.

"அங்க சன்னல் இருக்குடா. வானம் முழுக்க சன்னல்."

"கூலி எதாவது குடுத்தாங்களா?"

"காப்பி குடுத்தாங்க. நீ போடறத விட நல்லா இருந்துச்சு."

பதினோரு கோடையிலும் அவர் கால் வைக்காமல் விட்ட ஊர் ஒன்றே ஒன்று, விஸ்பி. ஸ்வீடனுக்குச் சொந்தமான ஒரு தீவில் இருக்கிறது. ஊரைச் சுற்றிப் பழைய கல்மதில். எங்கள் கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, படகில்தான் இறங்க வேண்டும். கொஞ்சம் அலை இருந்தாலும் கேப்டன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இப்படி மூன்று முறை நடந்தது. அலை இல்லாத ஒரு முறை மனாங்குக்குத் துறைமுகக் காவல் வந்தது. கப்பல் நிற்கும்போது தீ பிடித்தால் அணைக்க ஆள் வேண்டும் என்பதால் ஊழியர்களில் ஒரு பகுதியினர் முறைவைத்து உள்ளேயே இருக்க வேண்டும். அன்று அவர் மேல்தளத்தில் நின்று மதிலைப் பார்த்துவிட்டுக் கீழே வந்துவிட்டார்.

"அந்த ஊர்ல அப்படி என்ன மனாங் இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மதில ஒட்டியே ஒரு சுத்து வந்தா ஒரு மணி பத்து நிமிஷமாம். எல்லா ஊர்லயும் பாதில திரும்பிட்டேன் இன்டாய். அது ஒண்ணுலதான் திரும்பவே வேண்டாம். போய்க்கிட்டே இருந்தா புறப்பட்ட இடம் வந்துரும்."

என் பெயர் வேறு. வயதில் சிறிய பெண்களை எங்கள் பக்கத்தில் இன்டாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பதினோராவது கோடைதான் அவருடைய கடைசி ஒப்பந்தம். மூட்டு வலி, அடுத்த மருத்துவச் சோதனையில் தேறமாட்டோம் என்று அவருக்கே தெரியும். அந்தக் கோடையில் விஸ்பி ஒரே ஒரு முறைதான் பட்டியலில் இருந்தது. அந்த நாளைக் காலியாக வைத்துக்கொள்வதற்காக மே மாதத்திலிருந்தே மற்றவர்களின் காவல் முறைகளை வாங்கிப் பார்த்தார். தாலினை இரண்டு தடவை விட்டுக்கொடுத்தார்.

விஸ்பிக்கு நான்கு நாள் முன்னால் ஸ்டாக்ஹோமில் நின்றோம். ஸ்டாக்ஹோம் மணி ஹெல்சிங்கி மணியைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். ஒரே ஒரு நாளுக்காகக் கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்று கேப்டன் முடிவு செய்ததால் கப்பல் ஹெல்சிங்கி மணியிலேயே இருந்தது. ஊழியர் வாசலில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். நானும் படித்தேன். கைபேசி மட்டும் கரையைத் தொட்டதும் தானாக ஊர் மணிக்கு மாறிக்கொண்டது. என் மகனுக்கு அன்று நான்காவது பிறந்தநாள். துறைமுகத்துக்கு மேலே பாறைமேட்டில் ஒரு பொது நூலகம் இருக்கிறது, அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று எனக்குச் சொன்னதே மனாங்தான். அங்கே போய் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் கேக் வெட்டுவதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊழியர்கள் மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும். என்னைக் காணாமல் மனாங் வாசலில் நின்றிருக்கிறார். கப்பல் வேலைக்கு வந்ததிலிருந்து அவர் கைபேசியில் மணி பார்த்ததே இல்லை. கைக்கடிகாரம் எப்போதும் கப்பல் மணியில் இருக்கும். காவலுக்கு நின்ற நேபாளி குருங் பிறகு என்னிடம் சொன்னான். "'மூணு மணி ஆச்சு மனாங், இனி வெளிய போனா எழுதித்தான் ஆகணும். நாலு நாள்ல விஸ்பின்னு நீங்கதானே சொல்லிக்கிட்டே இருந்தீங்க'ன்னு கேட்டேன். 'எழுது குருங், நல்ல பேனாவா எடுத்து எழுது'ன்னுட்டு இறங்கிப் போயிட்டாங்க."

நூலகத்தில் என் தோளைத் தொட்டபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"உன் போன்ல மணி என்ன?"

"ரெண்டு பதினேழு. இன்னும் நேரம் இருக்கே மனாங்."

"கப்பல்ல மூணு பதினேழு. செருப்ப மாட்டு."

வந்த வழியாகப் போகவில்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு சந்து, அதன் முடிவில் பாறையை ஒட்டி இறங்கும் மரப்படிகள். நான் மூன்று வருடமாக வந்துபோன துறைமுகத்தில் அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது. அவர் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினார், முட்டி வலிக்காக.

"மனாங், உங்க விஸ்பி..."

"பேசாத. மூச்ச படிக்கு வெச்சுக்க."

மூன்று முப்பத்திரண்டுக்கு ஏறினோம். நடைபாலத்தை இன்னும் எடுக்கவில்லை.

ஊழியர் அதிகாரி கெட்டவர் இல்லை. தாமதமாக வந்ததற்கு எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். நேரம் முடிந்த பிறகு வெளியே போனதற்கு மனாங்குக்கு இரண்டு வாரம் கரைக்குப் போகத் தடை. என்னைத் தேடித்தான் போனார், தண்டனையை எனக்குக் கொடுங்கள் என்றேன். "தெரியும்மா. அதுக்காக விதி மாறாதே," என்றார். மனாங் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "பையன் கேக்க தின்னானா, மூஞ்சில பூசிக்கிட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

விஸ்பி வந்தது. கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. "காத்துகூட உங்களக் கிண்டல் பண்ணுது மனாங்," என்றான் ரோமெல். சொல்லிவிட்டு அவனே தலை குனிந்துகொண்டான்.

"நான் போய்ச் சுத்திட்டு வரட்டுமா?" என்றேன். எனக்கு அன்று இடைவேளை இருந்தது.

மனாங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எந்தப் பக்கமா சுத்துவ?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன?"

"கடல இடது கைப்பக்கம் வெச்சு ஆரம்பி. கப்பல் மணி சரியா ஒண்ணுக்கு. வழியில எங்கயும் உக்காராத." தன் கைக்கடிகாரத்தைக் கழற்றவில்லை, என் கைபேசியை வாங்கி மணியைக் கையால் திருத்திக் கொடுத்தார்.

ஒரு மணிக்குத் துறைமுகத்தருகே மதிலைத் தொட்டு நடக்கத் தொடங்கினேன். கொஞ்ச தூரம் கடலோரம், பிறகு வடக்கு வாசல். கிழக்கே புல் முளைத்த வறண்ட அகழி, அதில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாம்பல் நிறக் கல், கோபுரத்துக்குப் பின் கோபுரம். ஒவ்வொரு வாசலிலும் உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் ஆறு நிமிடத்தில் புறப்பட்ட கல்லுக்கே வந்து சேர்ந்தேன். பாதியில் திரும்பாமல் ஓர் ஊரைப் பார்த்தது எனக்கும் அதுதான் முதல் தடவை.

படகில் ஏறிக் கப்பலுக்கு வந்தபோது வாசலில் குருங் மேலே கைகாட்டினான். "முன்தளத்துக்குப் போ. ஒரு மணிக்கு ஆரம்பிச்சாங்க. பாத்துப் பாத்து எனக்கே தலை சுத்துது."

ஊழியர்களுக்கான அந்தச் சின்னத் தளத்தில் மனாங் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். சலவைக்கூடத்துச் சட்டை, பின்னால் கட்டிய கைகள். மதில் தெரியும் பக்கம் வரும்போது கொஞ்சம் மெதுவாக, மறுபக்கம் கொஞ்சம் வேகமாக.

"எவ்வளவு ஆச்சு?"

"ஒரு மணி ஆறு நிமிஷம் மனாங்."

"வேகமா நடந்திருக்க. கிழக்குப் பக்கம் துணி காய்ஞ்சுதா?"

"கவனிக்கலையே."

"அடிப்பாவி. வாசல் எத்தன?"

எண்ணத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டதைச் சொன்னேன். அவர் சிரித்தார். கோபம் தேடிப் பார்த்தேன், முகத்தில் இல்லை. என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"சரி, மொதல்ல இருந்து சொல்லு. கடலோரத்துல இருந்து. இந்த தடவை மெதுவா."

நாங்கள் நடந்தோம். தொட்ட முதல் கல் சூடாக இருந்ததைச் சொன்னேன். கல் இடுக்கில் மஞ்சள் பூ இருந்ததைச் சொன்னேன். அதற்கு எத்தனை இதழ் என்று கேட்டார். நங்கூரம் ஏறும் சங்கிலிச் சத்தம் கேட்டபோது நான் வடக்கு வாசலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நிற்கவில்லை.