ஊசிக்கு முன்னாடியே காய்ச்சல் மருந்து

இன்று காலை தில்லை நகர் கிளினிக்கில் மூக்குடைபட்டுத் திரும்பினேன்.

அக்கா மகள் நித்யாவின் மூன்றரை மாதப் பையனுக்குத் தடுப்பூசி. துணைக்கு நான். ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ ஏறும்போதே என் சட்டைப் பையில் காய்ச்சல் சிரப் தயார்.

"இப்பவே கொஞ்சம் ஊத்திடும்மா. காய்ச்சல் வர்றதுக்குள்ள மருந்து உள்ள போய் உக்காந்துக்கும்."

"சும்மா இருங்க மாமா. டாக்டரைக் கேக்காம ஒரு சொட்டு குடுக்க மாட்டேன்."

சும்மா இருக்கிற பிறவியா நான்? டாக்டரம்மாவிடம் நானே முந்திக்கொண்டு என் யோசனையைச் சொன்னேன்.

"சார், வராத காய்ச்சலுக்கு எதுக்கு மருந்து? முன்னாடியே குடுத்தா ஊசியோட பலன் கொஞ்சம் குறையலாம். போட்டப்புறம் காய்ச்சல் அடிச்சாலோ, வலியில அழுதுக்கிட்டே இருந்தாலோ குடுங்க. அதுவும் எடைக்கு ஏத்த அளவு, நான் சொல்றபடி."

கதவுக்கு வெளியே காத்திருந்த அம்மாக்கள் சிரித்தது என் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. நித்யா தெர்மாமீட்டர் வைத்தாள். காய்ச்சல்தான். டாக்டர் சொன்ன அளவு மருந்து கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சூடு தணிந்து, பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

"பாத்தியா, காய்ச்சல் வரும்னு நான் காலையிலேயே சொன்னேன்ல?" என்று கேட்க வாயெடுத்தேன்.

நித்யா தொட்டிலைக் காட்டி, வாயில் விரல் வைத்தாள். பிள்ளை எழுந்துவிடுமாம்!

உங்கள் வீட்டில் இப்படி முந்திக்கொண்டு வைத்தியம் பார்ப்பது யார்? பெயர் வேண்டாம், உறவுமுறை மட்டும் சொல்லுங்கள். மாமா என்றால் சொல்லவே வேண்டாம்.